பெலிசித்தா என்று கூப்பிடும்போது

உக்காரு பிள்ள. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். கட்டில்லயே உக்காரு. சிஸ்டர்மாரு கட்டில்ல உக்காரக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அதெல்லாம் அந்தக் காலம். இப்பம் இந்த முதியோர் இல்லத்துல ஒரு ஆள் வந்து உக்காந்தாப் போதும்னு கெடக்கோம்.

நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். சுப்பீரியர் காலையிலயே வந்து காதுல போட்டுட்டுப் போயிட்டா. தூத்துக்குடியில இருந்து டெல்பினான்னு ஒரு டீச்சர் வாரா, ரிட்டயர் ஆனவ. அவ அத்தை நம்ம பெருவியாதிக்காரங்க, அதான் குஷ்டம் வந்தவங்க, கல்லறையில கெடக்கா. அங்க ஒரு சிமெண்டு சிலுவையில வியாகுலம்னு மட்டும் எழுதியிருக்கு. அதை எடுத்துட்டு, 'சிஸ்டர் பெலிசித்தா'ன்னு பேர் வெட்டி நல்ல கல்லு வைக்கணுமாம். சிஸ்டர் பெலிசித்தா உசிரோட இருக்கும்போது அந்தப் பேர்ல எப்படிக் கல்லு வைக்க? அதான், அவகிட்டயே போய்க் கேளுன்னு உன்னைய மேல அனுப்பிட்டா. கெட்டிக்காரி, தலைவலிய என் தலையில ஏத்திவிட்டா.

நான்தான் சிஸ்டர் பெலிசித்தா. நல்லாப் பாத்துக்க. வேணும்னா கையத் தொட்டுப் பாரு. சூடு இருக்குல்லா.

நீ ஒண்ணும் சொல்லாத. முதல்ல நான் சொல்லி முடிக்கேன். உங்க அத்தை கதைய ஊரே கேட்டிருக்கு. வயசான நோயாளிங்க இப்பவும் சொல்லிச் சொல்லி அழுவாங்க. என் கதைய ஒருத்தர் கேட்டதில்ல. வந்ததுதான் வந்த, கேட்டுட்டுப் போ.

எங்க சபை எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா உனக்கு? இப்பம் நர்சிங் காலேஜ், ஸ்கேன் மெசினுன்னு என்னெல்லாமோ இருக்கு. ஆரம்பம் ஒரு காலரா சமயம். அந்தோணியம்மான்னு பிள்ளையில்லாத ஒரு விதவை, தன் வீட்டக் காலி பண்ணி நோயாளிங்களக் கொண்டாந்து போட்டா. கூடச் சில பொம்பளைங்க வந்து சேர்ந்தாங்க. அதுதான் ஆறுதல் மாதா சபை. ஆனா என்ன, கஞ்சி ஊத்தினவளே மறு வாரம் பாயில கெடப்பா. செத்தும் போவா. நோயாளிங்க 'மார்த்தாம்மா எங்க?'ன்னு கேப்பாங்க. செத்துட்டான்னு சொல்ல முடியுமா? நம்மளப் பாத்தவளே போயிட்டா, நாம எங்க பிழைக்கப் போறோம்னு கஞ்சியத் தள்ளிருவாங்க. அப்பம் அந்தோணியம்மா ஒரு வழி பண்ணினா. செத்தவ பேர புதுசா வந்தவளுக்கு வச்சா. 'மார்த்தாம்மா எங்க?' 'இந்தா வந்துட்டேன்.' முகம் வேற. காய்ச்சல்ல கெடக்கவனுக்கு முகமா தெரியும்? கூப்பிட்ட பேருக்கு ஒருத்தி வந்து நின்னாப் போதும்.

அது அப்படியே சட்டமாயிட்டு. எங்க சபையில ஒரு சிஸ்டர் செத்தா, அடுத்து வார்த்தைப்பாடு குடுத்து கன்னியாஸ்திரி ஆகுதவளுக்கு அவ பேர், அவ கட்டில், கோயில்ல அவ நின்ன இடம், துணியில சிவப்பு நூல்ல தச்சிருக்க அவ குறி, எல்லாம் வந்துரும். சாயங்கால செபத்துக்கு முன்னால மதர் பேர் கூப்பிடுவாவ. ஒவ்வொருத்தியும் 'இதோ அடியாள்'னு சொல்லணும். செத்தவ பேரையும் விட மாட்டாவ. அந்தப் பேருக்கு ஆள் வார வரைக்கும் கூப்பிடுவாவ, நாங்க எல்லாருமாச் சேர்ந்து அவளுக்காக 'இதோ அடியாள்'னு சொல்லுவோம். மத்த சபைக் கன்னியருங்க கேலி பண்ணுவாங்க, ஆறுதல் மாதா சபையில சேந்தவளுக்குச் சாவே கெடையாதுன்னு. எங்களுக்கு அதுல கொஞ்சம் பெருமைதான்.

நான் தேரிக்காட்டுப் பக்கம். அப்பா பனையேறி. வீட்டுல கூப்பிட்ட பேர் வேற ஒண்ணு, அது எதுக்கு இப்பம். நொவிசியேட்ல பயிற்சியில இருக்கும்போது எனக்குத் தெரேஸ்னு பேர் கெடைக்கணும்னு ஆசை. அழகான பேர்ல்லா? ஆனா தெரேஸ் சிஸ்டர் கல்லு கணக்கா இருந்தாவ, மூணு நேரமும் நல்லாச் சாப்பிட்டாவ. எனக்கு வார்த்தைப்பாடு வந்த சமயம் காலியா இருந்தது பெலிசித்தா. மதர் ஹிலாரியா அப்பம் எங்க சுப்பீரியர். அவிய என் தலையில முக்காட்டப் போட்டுட்டு, 'பெலிசித்தா நோயாளிகளுக்குச் சேவை பண்ணி, தூரத்துல ஒரு மலை ஆஸ்பத்திரியில போய் ஆண்டவர்ட்ட சேந்துட்டா. அவ வேலைய இனி நீ செய்'னு சொன்னாவ. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துது. உசிரைக் குடுத்த வேதசாட்சி பேருல்லா கெடைச்சிருக்குன்னு.

வேலை எங்கன்னு கேளு. பெருவியாதி வார்டுல. உங்க அத்தை வேலை பாத்த அதே வார்டு. முதல் நாள் புண்ணு கழுவப் போனேன். தொம்மைன்னு ஒருத்தர், கண்ணு ரெண்டும் போனவரு. காலைத் தொட்டியில ஊற வச்சிட்டு உக்காந்திருந்தாரு. நான் நடந்து வாரதக் கேட்டுட்டு 'யாரு?'ன்னாரு. 'பெலிசித்தா'ன்னேன். தலையச் சாச்சுக் கேட்டாரு. 'இல்ல தாயி. அவிய நடந்தா செருப்புச் சத்தம் கேக்காது'ன்னாரு. பெறவு, 'போட்டும். பேராவது வந்து சேந்துச்சே'ன்னு காலை நீட்டினாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னையில இருந்து செருப்பைக் கழத்திப் போட்டுட்டுத்தான் வார்டுக்குள்ள போவேன். சிமெண்டுத் தரையில, மழைக்காலத்துலயும். அதையெல்லாம் யாரு பாத்தா?

பெலிசித்தாம்மா தலை கோதிவிடுவாவ, பெலிசித்தாம்மா உப்புப் பாத்து ஊட்டுவாவ, பெலிசித்தாம்மா அசிங்கம் பாக்க மாட்டாவ. எந்நேரமும் இதே பாட்டு. நான் பக்கத்துல நிக்கேன், நானும் பெலிசித்தாதான், கையில கிண்ணத்தோட நிக்கேன். இருந்தாலும் சரின்னு பொறுத்துக்கிட்டேன். செத்தவகூடப் போட்டி போட முடியுமா? மெல்ல மெல்ல என்னையவும் பழகிட்டாங்க. தொம்மையே ஒரு நாள் நான் கூப்பிடாம காலை நீட்டினாரு. அன்னைக்கு நான் கோயில்ல போய் அழுதேன், சந்தோசத்துல. எனக்குன்னு ஒரு பேர் அமைஞ்சுட்டுன்னு நினைச்சேன்.

பெறவுதான் வந்தா உங்க அத்தை.

ஒரு சாயங்காலம். எல்லாரும் கோயில்ல நிக்கோம். நோயாளிங்க பின்னால பெஞ்சுல. மதர் பேர் கூப்பிட்டுக்கிட்டே வாராவ. 'பெலிசித்தா'ன்னாவ. நான் வாயத் திறக்கேன், எனக்கு முன்னால ஒரு சத்தம், 'இதோ அடியாள்'னு. பின்னால இருந்து. தெளிவான சத்தம், உங்க கடக்கரைக் குரல்.

 திரும்பிப் பாத்தா, கடைசி பெஞ்சு பக்கத்துல ஒரு பொம்பளை. கையில துணிப்பை. புருவத்துல முடி இல்ல, மூக்கு கொஞ்சம் அமுங்கியிருக்கு. வெள்ளைச் சேலை. மூத்த சிஸ்டர்மாரு ரெண்டு பேரு சிலுவை போட்டாங்க. மதர் முகம் வெளுத்துப் போச்சு. மறுபடியும் கூப்பிட்டாவ, 'பெலிசித்தா.' இந்தத் தடவை நானும் சொன்னேன், அவளும் சொன்னா. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. மதர் அடுத்த பேருக்குப் போயிட்டாவ.

அவ சாகல, பாத்தியா. அவளுக்கு வியாதி ஒட்டிக்கிட்டு. நோயாளிங்களக் கழுவிக் கழுவி அவளுக்கே வந்துட்டு. அது வெளிய தெரிஞ்சா எந்தத் தாய் தகப்பன் பிள்ளைய இங்க அனுப்புவான்? பிள்ளைங்க வரலைன்னா நோயாளிங்கள யாரு பாப்பா? மதர் ஹிலாரியா ரொம்ப யோசிச்சுத்தான் செஞ்சாவ. ரகசியமா தூரத்துல ஒரு மலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, இங்க அடக்கப் பூசை வச்சுட்டாவ. வெள்ளைக்காரங்க ஊர்ல அந்தக் காலத்துல பெருவியாதி வந்தவங்களுக்கு உசிரோடயே பூசை வைப்பாங்களாம், அவிய எங்கயோ படிச்சிருக்காவ. உங்க அப்பாவுக்கும் செத்துட்டான்னுதான் ஆள் போச்சு. அவரும் உங்க ஊர்க் கோயில்ல பூசை வச்சாராம்ல. அந்தக் காலத்துல அந்த வியாதி வந்து திரும்பி வந்தவங்க யாரு? புது மாத்திரை வரும், குணமாகி சர்டிபிகேட் வாங்கிட்டு பஸ் ஏறி வந்து நிப்பான்னு மதர் கனவா கண்டாவ?

அவளுக்கும் ஒண்ணும் தெரியாது. பாவம்னுதான் சொல்லணும். தனக்கு அடக்கப் பூசை முடிஞ்சது தெரியாது, தன் பேர்ல ஒருத்தி நிக்கது தெரியாது. பஸ்ஸ விட்டு இறங்கினா, மணிச் சத்தம் கேட்டா, நேரா கோயிலுக்குள்ள வந்துட்டா. பேர் கூப்பிட்டாங்க, பதில் சொன்னா. பழக்கம்ல்லா.

மறுநாள் மதர் என்னையக் கூப்பிட்டாவ. அவளும் அந்த ரூம்ல நிக்கா, சுவரோட சாஞ்சு. மதர் கண்ணு சிவந்திருக்கு. 'பிள்ள, தப்பு என்மேல. நீ சம்மதிச்சா உனக்கு வேற பேர் தாரேன். இவ பேர இவளுக்கே குடுத்துருவோம். நீ என்ன சொல்லுத?'ன்னு கேட்டாவ.

நான் என்ன சொல்ல? நேத்து வார்த்தைப்பாடு குடுத்த பிள்ளை நான். 'உங்க விருப்பம் மதர்'னேன். அதுதான கீழ்ப்படிதல்? மறுப்பே சொல்லல, ஆண்டவர் சாட்சி. ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன், அவ்வளவுதான். 'மதர், இவங்களுக்கு அடக்கப் பூசை வச்சாச்சு. இவங்க பேரைத் திரும்பக் கூப்பிட்டா, அந்தப் பூசை பொய்ப் பூசைன்னு ஆயிராதா? ஆயருக்குத் தெரிஞ்சா சபைய இழுத்து மூடிர மாட்டாரா?'ன்னு. சந்தேகம்தான. தெரியாததக் கேட்டேன். மதர் என்னைய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாவ. பெறவு அவளப் பாத்து, அவ வீட்டுப் பேரைச் சொல்லி, 'வியாகுலம், நீ வார்டுலயே தங்கிக்கோ'ன்னாவ. முடிவு எடுத்தது மதர். நான் இல்ல. இதை நீ நல்லாத் தெரிஞ்சுக்கணும், உங்க ஊர்ல போய் வேற மாதிரிச் சொல்லக் கூடாது.

அவ அழல. சண்டை போடல. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். உங்க பக்கத்து ஆளுங்க மீனுக்கு விலை பேசும்போதே நாலு தெரு கேக்கும். இவ என்னடான்னா சரிங்க மதர்னு துணிப்பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வார்டு ஓரத்துல, பஞ்சு வைக்கிற ரூமை ஒழிச்சுக் குடுத்தாங்க.

அன்னையில இருந்து எனக்குப் பிடிச்சது சனி.

'பெலிசித்தாம்மா'ன்னு ஒருத்தன் வலியில கூப்பிடுவான். நான் ஓடுவேன். போய்ப் பாத்தா அவ முன்னாலயே அங்க குனிஞ்சு உக்காந்திருப்பா. மடங்கின விரலை வச்சுக்கிட்டு எப்படித்தான் கட்டுப் போடுவாளோ, அப்படி ஒரு சுத்தமான கட்டு. நான் கிண்ணத்தோட நின்னுட்டுத் திரும்புவேன். தொம்மை அவ வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டாரு. நடைச் சத்தம் இல்லையேன்னு சிரிச்சாரு. நானும்தான செருப்பில்லாம வந்தேன்? என்னைய எப்படித்தான் பிரிச்சுத் தெரிஞ்சுச்சோ அந்தக் குருட்டு மனுசனுக்கு.

அவளும் தினம் சாயங்காலம் கோயிலுக்கு வருவா. கடைசி பெஞ்சு. மதர் 'பெலிசித்தா'ன்னு கூப்பிட்டதும், முதல் கொஞ்ச நாள் அவளுக்கும் வாய் தவறி வந்துரும். நான் மதர்கிட்ட போய்ச் சொன்னேன், செபத்துல கவனம் சிதறுதுன்னு. மதர் அவளைக் கண்டிச்சாவ. அதுக்குப் பெறவு சத்தம் வரல. ஆனா ஒரு நாள் தற்செயலாத் திரும்பிப் பாத்தேன், உதடு அசையுது. என் பேர் கூப்பிடும்போது, சரியா அந்நேரத்துல. மறுநாள் பாத்தேன், அதே. அதுக்கு அடுத்த நாளும். சத்தமில்லாம அவ பேருக்கு அவ பதில் சொல்லிக்கிட்டு இருக்கா! கண்டிக்கிறதுக்கு என்ன இருக்கு, உதட்டையா கட்ட முடியும்? பெறவு நான் திரும்பிப் பாக்கதே இல்ல. முன்வரிசையில நின்னுக்கிட்டு, என் முதுகே சொல்லும் எனக்கு, இந்தா அசையுதுன்னு. கழுத்துல எறும்பு ஊருத மாதிரி இருக்கும். வருசக்கணக்கா.

வேற எங்கயாவது போயிருக்கலாம்ல அவ? எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு. உங்க அப்பாவுக்கு விசயம் தெரிஞ்சு, கருவாட்டுப் பொட்டலத்தோட வந்து, வீட்டுக்கு வா அக்கான்னு கெஞ்சினாரு. எனக்குத் தெரியும், நான் வராந்தாவுல நின்னு கேட்டேன். மாட்டேன்னுட்டா. என்னைய வதைக்கணும்னே இருந்தான்னு நான் சொல்ல மாட்டேன், செத்தவளப் பத்தி அப்படிப் பேசக் கூடாது. ஆனா இருந்தா.

ரோமாபுரியில ஆயருங்க எல்லாரும் சேந்து சங்கம் கூடுச்சு, எல்லாம் மாறிச்சு. பூசை தமிழ்ல வந்துச்சு, அங்கி போய்ச் சேலை வந்துச்சு. கன்னியருங்க அவங்கவங்க ஞானஸ்நானப் பேரையே வச்சுக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. எங்க சபையில ஒரே கொண்டாட்டம். மார்த்தா திரும்பவும் செல்லத்தாய் ஆனா. தெரேஸ் சிஸ்டர், அத்தனை வயசுல, பாக்கியம்னு ஆகிச் சின்னப் பிள்ளை மாதிரிக் குதிச்சாவ. என்னைய எல்லாரும் ஒரு மாதிரிப் பாத்தாங்க. இப்பமாவது விட்டுருவான்னு. நான் விடல. ஏன் விடணும்? ஆண்டவர் முன்னால எந்தப் பேர்ல வார்த்தைப்பாடு குடுத்தேனோ அந்தப் பேர்லதான் இருப்பேன்னேன். மதர் ஹிலாரியா அப்பம் படுத்த படுக்கை. அவிய சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்டாவ.

அன்னைக்குத்தான் உங்க அத்தை என்கிட்ட வந்து பேசினா. அத்தனை வருசத்துல அந்த ஒரு தடவைதான். நான் கொடியில துணி காயப் போடுதேன். பின்னால வந்து நின்னா, எனக்குத் தெரியவே இல்ல, அவ நடைதான் கேக்காதே. 'சிஸ்டர், அந்தப் பேர் உங்களுக்கு வேணுமா?'ன்னு கேட்டா. தாழ்மையாத்தான் கேட்டா.

'வேணும்'னேன்.

பொய்யா சொன்னேன்? வேணும்னுதான இருந்துச்சு. அதைக் குடுத்துட்டா நான் யாரு? வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஊர்ல ஒருத்தரும் உசிரோட இல்ல. வார்டுல ஒரு நோயாளிக்கும் அந்தப் பேர் தெரியாது. அவளுக்குப் பேர் இல்லாமலே எல்லாம் இருந்துச்சு. எனக்கு அந்தப் பேர் ஒண்ணுதான் இருந்துச்சு.

'சரி, வச்சுக்கோங்க. நல்லா இருங்க'ன்னா. போயிட்டா. காயப் போட்ட துணியில அந்தச் சிவப்பு நூல் குறி ஆடுது, நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அது அவ குறிதான, அவ கையால தச்சதுதான. அவ அதைப் பாத்தாளான்னு தெரியல.

டீ ஆறுது, குடி. சக்கரை போட்டிருக்க மாட்டாங்க, இங்க எல்லாருக்கும் சுகர்.

அவ செத்தது ஒரு ஐப்பசி மாசம். காய்ச்சல். சாமியார் வந்து, சாகக் கெடக்கவங்களுக்குப் பூசுத எண்ணெய், அவஸ்தை பூசினாரு. 'வியாகுலம்'னு கூப்பிட்டுத்தான் பூசினாரு. நானும் மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டு நின்னேன், என் கடமையில நான் குறை வைக்கல. நோயாளிங்க அத்தனை பேரும் வாசல்ல தவழ்ந்தும் ஊன்றியும் வந்து கெடந்தாங்க. அடக்கப் பூசை முடிஞ்சுச்சு. சிஸ்டர்மாரு கல்லறையில வைக்கலாமான்னு ஒருத்தி கேட்டா. அவ சிஸ்டர் இல்லையேன்னு நான் சொன்னேன். உள்ளதத்தான சொன்னேன். நோயாளிங்க பக்கத்துல வச்சாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் பேர் கூப்பிடுதாங்க. எனக்கு மனசு லேசா இருந்துச்சு, மறைக்காமச் சொல்லுதேன். இனி என் முதுகு நிம்மதியா இருக்கும்னு. 'பெலிசித்தா.' நான் வாயத் திறக்கேன்.

எனக்கு முன்னால ஒரு சத்தம்.

யாருக்கும் கேக்கல. பக்கத்துல நின்னவளைக் கேட்டேன், என்னைய வேடிக்கையாப் பாத்தா. எனக்குக் கேட்டுச்சு. பின்னால, கடைசி பெஞ்சுப் பக்கம், மெல்லமா ஒரு முணுமுணுப்பு. மறுநாளும். நேத்தும். இப்பம் கீழ புது கான்வெண்ட்ல பேர் கூப்பிடுத வழக்கமெல்லாம் போயிட்டு. இந்த இல்லத்துலயும் நிறுத்தப் பாத்தாங்க, எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்னு. நான்தான் விடல. ஒரு வாரம் சாப்பிடாமக் கெடந்தேன், பெறவு சரின்னுட்டாங்க. பயமா இருக்குன்னா ஏன் நிறுத்த விடலன்னு கேக்கியா? நிறுத்தினா அவ எங்க வந்து நிப்பா? இந்த ரூம்லல்லா வந்து நிப்பா. கோயிலோட போகட்டும்னுதான். அவ சத்தம் வந்ததும் நான் பெலமாச் சொல்லுவேன், 'இதோ அடியாள்'னு. சுவரே அதிரும். இந்த வயசுல எங்க இருந்து அந்தச் சத்தம் வருதுன்னு டாக்டரே கேக்காரு. அமுக்கணும்ல்லா அவளை.

இப்பம் நீ கல்லு வைக்கணும்னு வந்து நிக்க. அந்தப் பேரைக் கல்லுல வெட்டிட்டா அவதான் பெலிசித்தான்னு உறுதியாயிரும். நான் செத்தா என் கல்லுல என்ன போடுவாங்க? ஒரு பேருக்கு ரெண்டு கல்லா? வாரவன் போறவன் எது உண்மைன்னு கேப்பான், இந்தச் சுப்பீரியர் சிரிச்சுக்கிட்டே உங்க அத்தை கல்லைக் காட்டுவா. அதனால என் பதில் இதுதான். முடியாது.

அழுதியா? அழாத. நீ நல்ல பிள்ளையாத் தெரியுத. என்ன செய்ய.

என்ன சொல்லுத? இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தக் காது மந்தம்.

நீ வந்திருக்கியா? சின்னப் பிள்ளையில, உங்க அப்பாகூட? கோயில்ல கடைசி பெஞ்சுல, அவ மடியிலயா உக்காந்திருந்த? அப்பம் அவ உதடு அசையும்ல, நீ பாத்தேல்லா! நான் சொன்னா ஒருத்தியும் நம்பல. நல்லவேளை நீ வந்த. மடியில இருந்தவளுக்குக் காதுலயும் விழுந்திருக்குமே. சொல்லு, 'இதோ அடியாள்'னுதான சொன்னா? தயங்காம சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

இல்லையா?

பின்ன?

பொய் சொல்லாத.

கல்லுக்காகப் பொய் சொல்லாத பிள்ள. வயசானவகிட்ட...

திரும்பச் சொல்லு. 'ஆண்டவரே, மிக்கேலம்மாளுக்குத் துணையா இரும்'னா? தினமுமா? அந்தப் பேர் கூப்பிடும்போதா?

என் வீட்டுப் பேர் உனக்கு யாரு சொன்னா? நான் இப்பம் சொல்லலையே. சுப்பீரியருக்கே தெரியாதே. பழைய சிஸ்டர்மாரு ஒருத்தரும் இப்பம் இல்லையே. மிக்கேலம்மா யாரு அத்தைன்னு நீ கேட்டியா? கேட்டதுக்கு... முன்வரிசையில என்னையக் கை காட்டினாளா. 'அந்தா நிக்காளே, வார்டுக்குச் செருப்பில்லாம வருவாளே, அவதான். அவளுக்கு வேற யாரும் இல்ல'ன்னா?

செருப்பில்லாமன்னா சொன்னா. அதை அவ பாத்திருக்கா.

பேர் எப்படித் தெரியும் அவளுக்கு? மதர் ஹிலாரியாட்ட கேட்டிருப்பா. வேற யார்ட்ட கேக்க முடியும்? கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு... நான் என்ன நினைச்சேன், அவ என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருக்கா. இல்ல, இரு. ஒண்ணும் பேசாத. கொஞ்சம் இரு.

தண்ணி எடு.

சரி. கல்லை வச்சுக்கோ. பெருசாவே வை. சுப்பீரியர்ட்ட நானே சொல்லுதேன். கையைப் பிடிக்காத, நன்றியெல்லாம் சொல்லாத, எனக்குப் பிடிக்காது. அந்தா மணி அடிக்காங்க. அந்தச் சக்கர நாற்காலிய இங்க தள்ளு, என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. முன்வரிசைக்கு வேண்டாம். பின்னால கொண்டு விடு, கடைசி பெஞ்சு கிட்ட.

இன்னைக்குப் பேர் கூப்பிடும்போது நான் வாயத் திறக்கப் போறதில்ல. இத்தனை வருசமா அந்தச் சத்தம் வந்ததுமே கத்திக் கத்தி அமுக்கியிருக்கேன். அது என்ன சொல்லுதுன்னு ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்ல. மெதுவாத் தள்ளு பிள்ள, சக்கரம் கிறீச்சிடும்.